நீல இன்ஹேலர் மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிறது

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. எப்போதாவது மூச்சு இறுக்கினால் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரை இரண்டு முறை அடிப்பேன், சரியாகிவிடும். ஆறு மாதமாக அப்படி இல்லை. விடிகாலையில் எழுந்து அடிக்கிறேன், வேலையில் நான்கைந்து முறை, படுக்கும்போது மறுபடியும். ஒரு இன்ஹேலர் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அதற்குப் பயந்து சில நாள் இன்ஹேலரை விட்டுவிட்டு, மெடிக்கலில் கொடுத்த சால்பியூட்டமால் 4 மி.கி. மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். போன வருடம் டாக்டர் இன்னொரு இன்ஹேலரும் எழுதினார். அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, ஸ்டீராய்டு என்றும் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். "பஃப் அடிச்சுப் பழகீட்டா அப்புறம் உட முடியாது" என்கிறார் மாமியார். இதனால் இதயம் கெட்டுப்போகுமா? வேறு மருந்து என்றால் ஒற்றைத் தலைவலிக்கு புரோப்ரனோலால் 40 மட்டும் சாப்பிடுகிறேன். என் ஆறு வயது மகனுக்கும் சளி பிடித்தால் இழுக்கிறது. என் இன்ஹேலரையே அவனுக்கும் கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

நுரையீரல் மருத்துவரின் பதில்:

'மட்டும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தலைவலி மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். புரோப்ரனோலால் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. நுரையீரலில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. சால்பியூட்டமால் அவற்றில் போய் ஒட்டித்தான் தசையைத் தளர்த்துகிறது. புரோப்ரனோலால் அதே இடத்தில் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. அதனால் மூச்சு இறுக்கம் கூடலாம், இறுக்கத்துக்கு அடிக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பழைய சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் ஆறு மாதத்தோடு அது ஒத்துப்போனால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

இந்த மாத்திரை பொதுவாகக் கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும். நடுக்கத்துக்கென்றே இதை எழுதிக் கொடுப்பதும் உண்டு. இதைச் சாப்பிட்டும் உங்களுக்குக் கை நடுங்குகிறது என்றால், ஒன்று, தலைவலி மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் விட்டுவிட்டுப் போடுகிறீர்கள். இல்லையென்றால், உடம்புக்குள் போகும் சால்பியூட்டமால் அந்த அளவுக்கு அதிகம். அதனால் இன்றே, அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன், அதை எழுதிய மருத்துவரிடம் "எனக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் அடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். தலைவலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, மாற்றித் தருவார். (இதே மருந்தை இதயத்துக்காகச் சாப்பிடுகிற யாராவது இதைப் படித்தால், தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவதில் தனி ஆபத்து இருக்கிறது.) கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான். கண்ணில் விடும் சொட்டு மூச்சை இறுக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்து, மூன்று வாரக் கணக்குக்கு வருவோம். ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலரில் 200 அடி இருக்கும், அடிக்கு 100 மைக்ரோகிராம். மூன்று வாரத்தில் தீர்கிறது என்றால் நாளுக்கு ஒன்பது, பத்து அடி. இப்படியே போனால் வருடத்துக்குப் பதினேழு இன்ஹேலர். ஜினா என்று நாங்கள் சொல்லும் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, வருடத்துக்கு மூன்று இன்ஹேலரோ அதற்கு மேலோ ஆனாலே கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்கிறது. மாதத்துக்கு ஒன்று, அதாவது பன்னிரண்டு என்று ஆகும்போது உயிரிழப்பு ஆபத்தும் கூடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை அலசி 2014இல் ஓர் அறிக்கை வந்தது. எத்தனை நிவாரண இன்ஹேலர் (உங்கள் நீல இன்ஹேலர் வகை) எழுதப்பட்டது என்ற பதிவு கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கு மேல் எழுதப்பட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு நீல இன்ஹேலரை ஓடைப் பக்கம் வீசிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நான் எழுதியது உங்களுக்குக் கெடுதலாக முடியும். இவ்வளவு அடிக்க வேண்டியிருக்கிறது என்பதே உள்ளே நோய் கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஆஸ்துமாவில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உள்சுவர் வீங்கி, சிவந்து, சளி சுரக்கிறது. சால்பியூட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும். ஐந்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடாது. நீங்கள் நிறுத்திவிட்ட இரண்டாவது இன்ஹேலர்தான் வீக்கத்துக்கான மருந்து. அடித்தால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்தவுடன் தெரியாதுதான். அது வேலை செய்வது நாள்கணக்கில், வாரக்கணக்கில். தெரிகிற மருந்தை வைத்துக்கொண்டு தெரியாத மருந்தைத் தூக்கிப் போடுவது எங்கள் ஓ.பி.யில் தினமும் பார்க்கிற கதை. விலையும் ஒரு காரணம் என்பது எனக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கைக்காசு போட வேண்டாம்.

ஸ்டீராய்டு என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். உள்ளிழுக்கும் புடெசோனைடு ஓர் அடியில் பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம் இருக்கும். கிளினிக்கில் 'மூச்சுக்கு' என்று கொடுக்கும் பிரட்னிசோலோன் 10 மி.கி. மாத்திரை ஒன்றில் 10,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, அளவை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் நுரையீரலுக்கு நேராகப் போகும் சிறு அளவு எங்கே, உடம்பு முழுக்கச் சுற்றி வரும் அளவு எங்கே. இன்ஹேலரை ஒழுங்காக அடிப்பவர்களுக்கு அந்த மாத்திரையும் ஊசியும் தேவைப்படும் சந்தர்ப்பமே குறைந்துவிடும். வாயில் வெள்ளைப் படலம் வருவது, குரல் கம்முவது, இவை வரலாம். அடித்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் பெரும்பாலும் வராது.

உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. குடிப்பழக்கம் போல விட முடியாமல் ஆகும் மருந்து அல்ல இது. ஆனால் வீக்கத்துக்கு மருந்தில்லாமல் சால்பியூட்டமாலை மட்டும் தினமும் பல தடவை அடித்துக்கொண்டே இருந்தால், ஏற்பிகள் மந்தமாகிவிடுகின்றன. மூச்சுக்குழாய் தூசிக்கும் புகைக்கும் முன்னைவிட அதிகமாகச் சுருங்கத் தொடங்குகிறது. முன்பு இரண்டு அடியில் கிடைத்த சுகத்துக்கு இப்போது நான்கு தேவைப்படுவதாகத் தோன்றும். சரித்திரமும் இருக்கிறது. 1960களில் பிரிட்டனில் அதிக வீரியமுள்ள ஐசோபிரினலின் ஸ்பிரே வந்த பிறகு ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற மருந்தோடு அதே கதை திரும்பியது. அந்தப் பாடங்களுக்குப் பிறகும், நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழக்கம் பல காலம் நீடித்தது. 2019இல்தான் ஜினா, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து வைத்தியம் பார்ப்பது கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது.

அதற்குப் பதிலாக அவர்கள் முன்னே வைத்தது புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலர். ஃபார்மோடெரால் சால்பியூட்டமாலைப் போலச் சீக்கிரம் தசையைத் தளர்த்தும், அதைவிட நெடுநேரம் நிற்கும். கூடவே ஸ்டீராய்டும் உள்ளே போய்விடுவதால், மூச்சு இறுகும்போது அடிக்கிற ஒவ்வோர் அடியிலும் வீக்கத்துக்கும் மருந்து கிடைக்கிறது. உங்களைப் போல 'தெரிகிற' மருந்தைத்தான் அடிப்பேன் என்பவர்களுக்கு இது ரொம்பப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். இரண்டு எச்சரிக்கை: ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம் உள்ள இன்ஹேலரில் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு அடிதான் உச்ச வரம்பு. அதை நெருங்கும் நாளிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சால்மெட்டெரால் உள்ள கூட்டு இன்ஹேலரும் பார்க்க அதே மாதிரி இருக்கும். அது மெதுவாக வேலை செய்வது, அவசரத்துக்கு உதவாது. கடையில் 'இதுவும் அதேதாங்க' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மோடெராலோ சால்மெட்டெராலோ ஸ்டீராய்டு இல்லாமல் தனியாகக் கொடுத்தால் ஆஸ்துமாக்காரர்கள் வாங்கவே கூடாது.

அந்த 4 மி.கி. மாத்திரை. இன்ஹேலருக்குப் பயந்து மாத்திரைக்குப் போனேன் என்கிறீர்கள். 4 மி.கி. என்றால் 4000 மைக்ரோகிராம், அதாவது நாற்பது அடியில் உள்ள மருந்து. இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்கு நேராகப் போகிறது. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை கால் தசை, இதயம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. வேலை தொடங்கவும் நேரமாகும். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் முதல் சந்தேகம் அந்த மாத்திரை மேல்தான். அதை விட்டுவிடலாம். ஆனால் அதை விடும் அன்றே வீக்கத்துக்கான இன்ஹேலரைத் தொடங்கியிருக்க வேண்டும்.

இருமல் சிரப் பாட்டிலையும் திருப்பி லேபிளைப் படியுங்கள். பல சிரப்களில் சால்பியூட்டமாலோ அதன் பங்காளியான டெர்பியூட்டலினோ கலந்திருக்கிறது. இன்ஹேலர், மாத்திரை, சிரப், கிளினிக்கில் நெபுலைசர் மாஸ்க் என்று ஒரே நாளில் ஒரே வகை மருந்தை நான்கு வழியாக வாங்கிக்கொண்டு, 'நெஞ்சு படபடங்குது' என்று இதய மருத்துவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். தியோஃபிலின் கலந்த மாத்திரையையும் இஷ்டத்துக்குப் போடக் கூடாது. அதில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகலாம்.

இதயம் கெட்டுப்போகுமா என்ற கேள்விக்கு: சரியான அளவில் அடித்தால், இதயம் நன்றாக உள்ள 38 வயதுக்காரருக்கு இன்ஹேலர் இதயத்தைக் கெடுக்காது. அதிகமாகப் போகும்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், துடிப்பு தாறுமாறாகலாம், கெண்டைக்கால் பிடித்து இழுக்கலாம். மயக்கம், நெஞ்சுவலி, துடிப்பு விட்டு விட்டு அடிப்பது இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் கை நடுங்குமே என்று அடிக்காமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நடுக்கத்தைவிட மூச்சுதான் முக்கியம்.

இவ்வளவு அடித்தும் குறையவில்லை என்றால் மருந்து உள்ளே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் என் முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்வேன். வாயைத் திறந்து, அமுக்கி, தொண்டையில் 'சில்'லென்று பட்டதும் திருப்தியாகச் சிரிப்பார்கள். மூக்கு வழியாகவும் உதட்டோரத்திலும் வெள்ளைப் புகை வெளியே வந்துகொண்டிருக்கும். அந்தப் புகைதான் மருந்து.

நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டால் இன்ஹேலரின் வாய்ப்பகுதியை இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பித்த பிறகு அமுக்குங்கள். முன்னால் அமுக்கினால் தொண்டையில் ஒட்டும், பின்னால் அமுக்கினால் உள்ளே போகாது. இழுத்து முடித்துப் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். இரண்டாவது அடிக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடியும் குலுக்கி அடியுங்கள். இது பலருக்குச் சரியாக வராது, அதற்குத்தான் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. இன்ஹேலரை அதில் செருகி ஓர் அடி அடித்துவிட்டு நிதானமாக இழுத்தால் போதும். இரண்டு மூன்று அடியை மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு இழுக்கக் கூடாது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள், துடைத்தால் உள்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும். கேப்சூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் நேர் எதிர். அதில் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள், யாரும் சொல்லிக் கொடுக்காததால் நடப்பது.

இன்ஹேலர் தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். மருந்து முடிந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு 'புஸ்' என்று வரும், அது நம்மை ஏமாற்றும். எண் காட்டும் மாடல் வாங்குங்கள். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் வைக்காதீர்கள்.

செக்கிங் டேபிளில் பஞ்சுத் தூசி பறக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் தீபாவளி லீவிலும் மூச்சு லேசாகிறதா, ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளில் கூடுகிறதா என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டே வாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் வேலை விவரத்தையும் சொல்லுங்கள், பிரிவு மாற்றிக் கேட்க ஒரு கடிதம் தருவார். வீட்டில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம்.

இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் எல்லா மருந்தையும், தீர்ந்த டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள். அதுவரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு: ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது, அடித்த மருந்து நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அல்லது ஆள் சோர்ந்து தூங்கி விழுகிறார். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்றுபோவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல, காற்றே போகாததால் சத்தம் இல்லாமல் இருக்கலாம். 108க்கு அழைத்துவிட்டு, படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அடியாக, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, பத்து அடி வரை எடுக்கலாம். வண்டி வரும்வரை அது உங்களைத் தாங்கும். வீட்டில் நெபுலைசர் இருக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டு இரவைக் கடத்த வேண்டாம்.

கடைசியாக மகன். சால்பியூட்டமால் குழந்தைகளுக்கும் கொடுக்கும் மருந்துதான், 100 மைக்ரோகிராம் இன்ஹேலரே அவர்களுக்கும் எழுதுவோம். ஆனால் உங்கள் வாயில் வைத்ததை அவன் வாயில் வைக்காதீர்கள், அவனுக்குத் தனி இன்ஹேலர், தனி ஸ்பேசர் வேண்டும். ஆறு வயதில் மாஸ்க் அவசியமில்லை, வாய்ப்பகுதி வைத்த ஸ்பேசரில் ஐந்தாறு தடவை இயல்பாக மூச்சு விட்டாலே போதும். அதற்கு முன் ஒரு குழந்தை மருத்துவர் அவன் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டிருக்க வேண்டும், சளிக்கு இழுப்பதெல்லாம் ஆஸ்துமா ஆகாது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் நிலக்கடலையோ பட்டாணியோ சாப்பிடும்போது புரையேறி, திடீரென்று இழுக்க ஆரம்பித்தால் இன்ஹேலரைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குழாயில் பருப்பு சிக்கியிருந்தால் எந்த இன்ஹேலரும் அதை எடுக்காது.